சட்டம் படிக்கும் மாணவர் குடிமை உரிமைப் பணிக்குள் வருவது எப்படி?

குடிமை உரிமை என்ற சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் தனி வரலாறு உண்டு. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் என்று இயற்றப்பட்டது, 1976-இல் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அரசமைப்பின் 17-ஆம் கூறு தீண்டாமையை ஒழித்ததன் வழியாக ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை எதுவோ, அதுவே குடிமை உரிமை என்று அச்சட்டம் பொருள் சொல்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் வன்கொடுமை வழக்குகளை இன்றும் பலர் ‘பி.சி.ஆர். கேஸ்’ (Protection of Civil Rights) என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம்தான். இந்த வழிகாட்டியில் அச்சொல்லை நான் இன்னும் சற்று விரித்து, காவலில் எடுக்கப்பட்டவரின் உரிமை, பேசும் உரிமை, கூடும் உரிமை ஆகியவற்றையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். ஆயினும் வேர் எங்கே இருக்கிறது என்பதை மாணவர் முதல் ஆண்டிலேயே அறிந்திருக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவு, தீண்டாமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்குத் தடை விதிக்கிறது. தொழிலின் வாசற்படியிலேயே எழுதப்பட்டிருக்கும் இந்த வரியை வகுப்பறையில் எடுத்துச் சொல்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பயிற்சிக்காக என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிறவர்கள். கல்லூரியில் ஒரு போராட்டத்தையாவது முன்னின்று நடத்தியிருப்பார்கள். கைதான நண்பருக்காகக் காவல் நிலைய வாசலில் விடிய விடிய நின்றிருப்பார்கள். அந்த மனம் இல்லாதவருக்கு இந்த வேலை ஒத்துவராது. ஆனால் நண்பரை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பிடித்தார்கள், வீட்டுக்கு யார் தகவல் சொன்னார்கள் என்று கேட்டால், அன்றிரவே எழுதி வைத்த குறிப்பை எடுத்துக் காட்டுகிறவர் அரிது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் குறையைச் சுற்றியே அமைகிறது. உரிமைப் பணியின் பெரும்பகுதி காது கொடுத்துக் கேட்பது, கேட்டதை எழுதுவது, காகிதத்தைப் பத்திரப்படுத்துவது, வருடக்கணக்கில் ஒரு வழக்கின் பின்னால் நடப்பது ஆகியவைதான். மாணவர் தலைமையும் இதே பழக்கங்களில்தான் விளைகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்னே நடந்தவர்களைப் படியுங்கள்

நீதிபதி கே. சந்துரு மாணவர் இயக்கத்தில் தலைவராக இருந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் இறப்பை விசாரித்த ஆணையத்தின் முன் மாணவர் தரப்பை அவர் எடுத்து வைத்த விதத்தைப் பார்த்து, விசாரித்த நீதிபதியே அவரை வழக்கறிஞர் தொழிலுக்கு வரச் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. கூட்டத்தில் பேசுவதற்கும் ஆணையத்தின் முன் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே கவனியுங்கள்: கூட்டம் கைதட்டும், ஆணையமோ, நீங்கள் சொன்னதை யார் பார்த்தார் என்று திருப்பிக் கேட்கும். அவர் 1976-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ராஜாக்கண்ணு என்பவர் வீடு திரும்பவில்லை. அவர் தப்பியோடிவிட்டார் என்று காவல்துறை சொன்னது. அவருடைய மனைவி பார்வதிக்காகச் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிடித்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு, தாக்கல் செய்தார். ராஜாக்கண்ணுவின் காவல் மரணத்துக்குப் பொறுப்பான காவலர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை விதித்தது 2006-இல். மனு போட்ட வழக்கறிஞர் அதற்குள் நீதிபதியாகும் காலம் வந்துவிட்டது. சந்துரு உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றதும் அதே 2006-இல்தான்.

வாச்சாத்தியை இன்னும் பொறுமையாகப் படிக்க வேண்டும். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில், வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள்; வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. சம்பவம் நடந்த ஆண்டில் சட்டக் கல்லூரியில் சேர்ந்த ஒருவர், உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது ஐம்பது வயதை நெருங்கியிருப்பார். அந்த முப்பத்தோர் ஆண்டுகளும் சாட்சிகள் கலையாமல் இருந்தது எப்படி? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் அதனோடு நின்றவர்களும் திரும்பத் திரும்ப ஊருக்குப் போனார்கள். வாய்தா தேதியைச் சொல்ல, பேருந்தில் அழைத்து வர, சாட்சிக் கூண்டில் நின்று அழுத பெண்ணை மாலையில் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருந்தார்கள். தீர்ப்பில் இந்த உழைப்பு ஒரு வரியாகக்கூட வராது. மாணவர் செய்யக்கூடிய வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கல்லூரி நாட்களை எப்படிச் செலவிடுவது

அகில இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் பயிற்சி முடிக்க வேண்டும் என்கின்றன. ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் செய்ய முடியாது. மாணவர்கள் இந்த வாரங்களை உயர் நீதிமன்றத்தின் பெரிய அலுவலகங்களில் கழிக்கவே விரும்புகிறார்கள். குடிமை உரிமைப் பணிக்கு வர நினைப்பவர் பாதி வாரங்களையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், ஊர்களுக்குள் வேலை செய்யும் ஓர் உரிமை அமைப்பிலும் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து. உயர் நீதிமன்றத்துக்கு வந்து சேரும் வழக்குக் கட்டு கீழே எப்படித் தயாராகிறது, எங்கே கெடுகிறது என்பதை அறியாமல் மேலே நின்று வாதாடுவது கடினம்.

அதே விதிகளின்படி ஒரு சிவில் வழக்கையும் ஒரு குற்ற வழக்கையும் நீதிமன்றத்தில் உட்கார்ந்து கவனித்துப் பதிவேடு எழுத வேண்டும். மூத்த மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவது பல கல்லூரிகளில் வழக்கமாகிவிட்டது. இதைவிடப் பெரிய இழப்பு சட்டப் படிப்பில் வேறில்லை. ஏதாவது ஒரு குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், கைதானவர்களை ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்கும் ஆணைக்கு, கொண்டுவரும் நேரத்தில், ஒரு மாதம் தொடர்ந்து உட்காருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆம் கூறு சொல்கிறது. கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 நெறிகளை டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வகுத்தது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் கட்டளையிட்டது. இம்மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவர் அவரிடம் காயம் உண்டா என்று கேட்டாரா? கேட்டபோது காவலர் எவ்வளவு தொலைவில் நின்றார்? அவருக்கு வழக்கறிஞர் இருந்தாரா, இல்லையென்றால் சட்ட உதவி வழக்கறிஞர் அழைக்கப்பட்டாரா? அந்த வழக்கறிஞர் ஒரு நிமிடமாவது தனியே பேசினாரா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் ரிமாண்டு செய்யப்பட்டு, கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டபின் அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்டு என்ற அந்தச் சில நிமிடம் எவ்வளவு கனமானது என்பதை அந்தச் செய்தியைப் படித்தவர் மறக்க முடியாது.

சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். உங்கள் கல்லூரியில் அது பூட்டிய அறையாக இருந்தால், அதைத் திறக்க வைப்பதே உங்கள் முதல் தலைமைப் பணியாக இருக்கட்டும். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் திட்டத்தில் சட்ட மாணவர்கள் சட்டத் தன்னார்வலர்களாகச் சேரலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோர் கட்டணமின்றி வழக்கறிஞர் பெறத் தகுதி உடையவர்கள் என்கிறது. பெண்ணுக்கும் காவலில் இருப்பவருக்கும் வருமான வரம்பு கிடையாது என்பதையும், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதையும் ஊரில் நூறு பேருக்குச் சொன்னால், சிலருடைய வாழ்க்கையாவது மாறும்.

ஒரு எல்லையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர் நீதிமன்றத்தில் பிறருக்காக வழக்கு நடத்த முடியாது. வக்காலத்தில் கையெழுத்திடவோ, கழுத்துப் பட்டை அணிந்து காவல் நிலையத்தில் வக்கீல் என்று சொல்லிக்கொள்ளவோ மாணவருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்யும் மாணவர் தன்னை மட்டுமன்றித் தன்னை நம்பி வந்தவரின் வழக்கையும் ஆபத்தில் வைக்கிறார்.

கேட்பதும் எழுதுவதும்

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. பாதிக்கப்பட்டவரிடம் வாக்குமூலம் எடுப்பதை யாரும் முறையாகக் கற்றுத் தருவதில்லை. ஆனால் வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் நிலைக்கின்றன அல்லது சரிகின்றன.

ஒரு பெண் வந்து, “தேர்த் திருவிழா முடிஞ்ச மறுநாள் பொழுது சாயுற நேரம்” என்று தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவசரப்படும் மாணவர் உடனே ஒரு தேதியும் மாலை ஆறு மணி என்றும் எழுதிக்கொள்கிறார். திருவிழா முடிந்த நாள் எது என்று ஊரில் விசாரிக்கவில்லை. அந்தத் தேதி புகாரில் ஏறி, பிரமாணப் பத்திரத்தில் ஏறி, மூன்றாண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் தவறு என்று வெளிப்படும்போது, அந்தப் பெண் பொய் சொன்னதாக ஆகிவிடுகிறது. அவர் சொன்னது முதலிலிருந்தே உண்மை, பிழை எழுதியவருடையது. ஆகையால் முதலில் அவருடைய சொற்களை அப்படியே எழுதுங்கள். நாள்காட்டியைப் பார்த்து நீங்கள் கணக்கிட்ட தேதியைப் பக்கத்தில் தனியே குறியுங்கள். ‘அடிச்சாங்க’ என்றால் கையாலா, லத்தியாலா, எத்தனை பேர், உடலில் எங்கே என்று பிறகு கேளுங்கள். பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே சம்பவத்தைப் பார்த்த இருவரை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடாதீர்கள். பெண்ணிடம் பேசும்போது பெண் மாணவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்; மறுநாள் போகலாம். எழுதி முடித்ததும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, திருத்தம் சொன்னால் அதையும் அடிக்காமல் சேர்த்து எழுதி, நாளும் நேரமும் இடமும் குறித்துக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பெறுங்கள்.

தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் செல்லும். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும். இந்த மொழிமாற்றத்தில் தொலைந்துபோன உண்மைகள் ஏராளம். ‘ஊரைவிட்டுத் தள்ளி வச்சிட்டாங்க’ என்ற சொல்லில் கடையில் சாமான் கிடைக்காததும், வயல் வேலைக்குக் கூப்பிடாததும், சாவுக்கு யாரும் வராததும் அடங்கியிருக்கின்றன. அதை ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிட்டால் நீதிபதிக்கு எதுவும் போய்ச் சேராது. இரு மொழியிலும் நன்றாக எழுதப் பழகிய மாணவருக்கு இந்தத் துறையில் எப்போதும் வேலை உண்டு. நான் மாணவர்களிடம் மாதிரி நீதிமன்றப் போட்டிகளைக் குறைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பில் நேரம் செலவிடச் சொல்வது இதனால்தான்.

காகிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயம்பட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனால் அங்கே விபத்துப் பதிவேட்டில் குறிப்பு ஏறும். அதன் நகலை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். யார், எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள் என்று காயம்பட்டவர் மருத்துவரிடம் முதன்முதலில் சொன்னது அதில்தான் இருக்கும் என்பதால், பின்னாளில் இரு தரப்பும் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக, புகார் வந்ததை மட்டும் குறிக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவது நம் மாநிலத்தில் வழக்கம். கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் சொன்னால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 2013-இல் தீர்ப்பளித்துள்ளது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறலாம். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, அதன்பின் நடுவரிடம் போகலாம். மூன்று முதல் ஏழாண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில் 14 நாள் முன்விசாரணைக்கு அதே பிரிவு இடம் தருகிறது. ஆனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஏ பிரிவு, அச்சட்ட வழக்குகளில் முன்விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. நிலையத்தில் இரண்டையும் குழப்பினால் மரியாதையாக எடுத்துக் காட்டுங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை, அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளோடு, மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வர வேண்டும். கடமையை வேண்டுமென்றே புறக்கணித்த அரசு ஊழியர்மீது 4-ஆம் பிரிவில் நடவடிக்கை எடுக்கலாம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு, ஜாமீன் உட்பட ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. நடைமுறையில் குற்றம் சாட்டப்பட்டவரின் ஜாமீன் மனு எப்போது விசாரணைக்கு வருகிறது என்பதே குடும்பத்துக்குத் தெரிவதில்லை. நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு நாள்தோறும் பார்த்து, முந்தின நாளே குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் சொல்லும் மாணவர் ஒருவர் இருந்தால் அந்தப் பிரிவுக்கு உயிர் வந்துவிடும்.

செல்பேசியில் எடுத்த காட்சியை எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, இடமில்லை என்று மூலத்தை அழித்துவிடும் பழக்கம் பல நல்ல வழக்குகளைக் கெடுத்திருக்கிறது. மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் எடுக்கப்பட்டதோ அந்தக் கருவியை மாற்றாமல் வைத்திருப்பது பாதுகாப்பு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டும் எதையுமோ வெளியிடுவது குற்றம். நியாயம் கேட்கும் வேகத்தில் பெயரையும் படத்தையும் பகிர்ந்த மாணவர்கள் உண்டு. அவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த இரண்டாவது தீங்கு அது.

பத்து ரூபாயில் ஒரு விசாரணை

மாணவர் தன் பெயரிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். உயிரும் சுதந்திரமும் சார்ந்ததென்றால் 48 மணி நேரத்துக்குள். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடும் செய்யலாம். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கடந்த மூன்றாண்டில் உங்கள் மாவட்டத்தில் அது கூடிய தேதிகளையும் கூட்டக் குறிப்புகளின் நகலையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்பில் பத்து மாவட்டத்து மாணவர்கள் இருப்பார்கள்; பத்துப் பேரும் சொந்த மாவட்டத்துக்கு அனுப்பினால், கிடைக்கும் பதில்களை அடுக்கி வைத்தாலே ஓர் அறிக்கை தயாராகிவிடும்.

மாணவர் தலைமை

மாணவர் தேர்தல் பற்றிய லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. போட்டியிடுபவருக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, தேர்தல் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது என்பவை அதில் அடங்கும். பல கல்லூரிகளில் தேர்தலே ஒழுங்காக நடப்பதில்லை. நடத்தக் கோருவதற்கு அந்த ஆணை உங்களுக்கு உதவும்.

ஆனால் தேர்தல் வழியாக வரும் பதவியைவிடக் கடினமான கேள்வி ஒன்று நம் சட்டக் கல்லூரிகளில் இருக்கிறது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் சாதி அடிப்படையில் பிரிந்து ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டதையும், காவலர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அம்பேத்கரின் பெயரைத் தாங்கிய வளாகத்தில் அது நடந்தது. இன்றும் விடுதி அறை ஒதுக்கீட்டிலும், சுவரொட்டியின் வண்ணத்திலும், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதிலும் அந்தக் கோடு தெரிகிறது. குடிமை உரிமை பேசும் மாணவர் தலைவர் தன் சாதிக்காரர்களின் ஆதரவில் மட்டும் நிற்கிறார் என்றால், அவர் பேசுவதை மற்றவர் நம்புவதற்குக் காரணம் இல்லை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பெண்கள் கூட்டத்துக்கு வர முடியாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்லாதீர்கள். கூட்டக் குறிப்பு எழுதுங்கள். வசூலான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கல்வி உதவித்தொகை தாமதம், விடுதிச் சாப்பாடு, பேருந்து நேரம் போன்றவற்றைச் சிறிய பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவருக்கு உதவித்தொகை ஆறு மாதம் தள்ளிப்போனால் படிப்பே நின்றுபோகும்.

போராட்டம் நடத்துவதற்கும் முன்னேற்பாடு வேண்டும். சென்னையில் மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ஐந்து நாட்களுக்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும்; மாவட்டங்களில் ‘30(2) அமலில் இருக்கிறது’ என்பார்கள், அது கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் முன் அனுமதி கேட்க வைக்கும் 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் பிரிவு. அனுமதி மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அந்த எழுத்து இருந்தால்தான் உயர் நீதிமன்றம் போக முடியும். கலந்துகொள்பவர்களின் பட்டியலும், ஒவ்வொருவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும், அன்று அழைத்தால் வரக்கூடிய வழக்கறிஞர் ஒருவரின் எண்ணும், போராட்டத்துக்கு வராமல் வெளியே இருக்கும் ஒரு மாணவரிடம் இருக்கட்டும். முதலாம் ஆண்டு மாணவரை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். வழக்கு விழுந்தால் அதைத் தாங்கும் நிலையில் அவருடைய குடும்பம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது தலைவரின் கடமை. நிலுவையிலுள்ள குற்ற வழக்கு பார் கவுன்சில் பதிவின்போது கேள்வியாக வரும். அதை மறைத்துப் பதிவு செய்தால் பின்னர் பெயர் நீக்கப்படலாம். நியாயமான போராட்டத்தில் விழுந்த வழக்கை வெளிப்படையாகச் சொல்வதில் அவமானம் எதுவும் இல்லை. விவரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, வென்றபின் என்ன செய்வது என்பது. 2012-இல் முகநூல் பதிவுக்காக மகாராஷ்டிரத்தில் இரண்டு இளம்பெண்கள் கைதானபோது, சட்டம் படிக்கத் தயாராகிக்கொண்டிருந்த 21 வயது ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24 அன்று இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. இளைஞர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதன்பிறகும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. ஜெயப்பிரகாஷ் நாராயண் 1976-இல் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் மீண்டும் நீதிமன்றம் போய், 2022-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. செத்துப்போன பிரிவில் எத்தனை வழக்குகள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து எழுதும் வேலை இளைய ஆய்வாளர்களால் செய்யத்தக்கது. அப்படிச் செய்தவர்களின் உழைப்பில்தான் அந்த உண்மை வெளியே வந்தது.

பட்டம் பெற்றபின்

பதிவுக் கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. அகில இந்திய பார் தேர்வையும் எழுத வேண்டும். முதல் மூன்றாண்டு வருமானம்தான் உண்மையான இடர். இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் வழிகாட்டியுள்ளது. எல்லா அலுவலகமும் தருவதாக எண்ணிக்கொண்டு போகாதீர்கள், சேரும்போதே பேசிவிடுங்கள். மாவட்டங்களில் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பில் தொடக்க நிலையினரையும் உதவி வழக்கறிஞராக எடுக்கிறார்கள்; சம்பளத்தோடு குற்ற வழக்குகளைக் கற்க அது நல்ல இடம். சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைப் பார்க்காமல், அவருடைய குமாஸ்தா ஏழைக் கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பாருங்கள்; அந்த அலுவலகத்தைப் பற்றி வேறெதுவும் இதைவிட உண்மையாகச் சொல்லாது.

கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வாரத்தை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் நான்காண்டுகளாகப் பின்தொடர்ந்த குடும்பங்கள் இருக்கும். அவர்களுக்கு உங்கள் பெயர்தான் தெரியும், அமைப்பின் பெயர் தெரியாது. ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு தாள் எடுத்து, வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, வழக்கறிஞரின் பெயர், எந்த ஆவணம் எவரிடம் இருக்கிறது, இன்னும் வர வேண்டிய நிவாரணத் தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். மூல ஆவணம் எதுவும் உங்கள் பையில் இருந்தால் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வரும் மாணவரை அழைத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு நேரில் போங்கள். “இனி இவங்க வருவாங்க” என்று நீங்கள் சொல்லும்போது அந்தப் புதியவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.